ஏழு கிலோவுக்குள் ஒரு ரோஜா

1

பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிட்டேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கோவை விமான நிலையம். பெட்டிகளை நிறுக்கும் இடத்துக்கு எதிரே, முதுகோடு முதுகு ஒட்டிய இரும்பு நாற்காலிகள். நான் சென்னைக்குப் போவதற்காக உட்கார்ந்திருந்தேன். கழுத்துத் தேய்மானத்துக்குப் பட்டை போட்டிருந்ததால் திரும்பிப் பார்க்க வழியில்லை. எனக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும். முகம் தெரியாது. குரல்தான்.

“ஏனுங்க, இந்த லிப் பாம் மணக்குதா?”

“இல்லை.”

“நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க. இஹ்ராம் கட்டினதுக்கப்பறம் மணமிருக்கறது எதையும் பூசக்கூடாது. நெனப்பிருக்குதல்ல?”

“இல்லைங்கறேன்ல. ஒரு மணமும் இல்லை.”

“அப்பச் சரி. உதடு இப்பவே காந்துது. துளி போட்டுக்கறேன்.”

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் மூக்கில் ரோஜா. லேசாக அல்ல. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அப்படி.

(இஹ்ராம் தெரியாதவர்களுக்கு: மக்காவுக்கு உம்ராவோ ஹஜ்ஜோ போகிறவர்கள் எல்லையைத் தாண்டும் முன் ஏற்றுக்கொள்கிற நோன்பு மாதிரியான நிலை. அதற்குள் போய்விட்டால் அத்தர், வாசனைச் சோப்பு, வாசனைக் களிம்பு எதுவும் ஆகாது.)

“அம்மணி, அது ரோஜாவுங்க” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று சொல். அதற்குள் சென்னைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். விமானம் முழுக்க ஒரே கேள்வி: இத்தனை ரோஜாவை மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஏன் இல்லை என்றார்?


2

முதல் தொடக்கம்: “அந்த மனிதர் ஒரு பொய்யர்.”

(அடித்துவிட்டேன். பெயர்கூட வைக்காத ஒருவரைப் பற்றி முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: “கோட்டைமேட்டின் குறுகிய சந்துகளில் மாலை வெயில் சாய்ந்து, அத்தர் மணம் கமழ, காலம்—”

(காலம் என்ன செய்ததென்று எனக்கே தெரியவில்லை. இதுவும் போகட்டும்.)

எனக்குக் கதை பேச்சாகத்தான் காதில் விழும். வெயிலும் சந்தும் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூன்றாம் தொடக்கம், ஒரு பேச்சு:

“ஏழு கிலோதானாமா?”

“ஏழேதான்.”

“பையே ஒண்ணரைக் கிலோ இருக்கும்போல. மிச்சத்துல நானென்ன கண்ணாடியும் கர்ச்சீப்புமா எடுத்துட்டு வாரது?”

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

பேசுகிறவள் ஃபஹீமா, ஐம்பத்தேழு வயது. பதில் சொல்கிறவர் அவள் கணவர் நசுருதீன், அறுபத்து மூன்று. பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில் அத்தர் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. திருப்பூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் ஆட்கள் அவர் கலவையைத் தேடி வருவார்கள். “பாய் மோந்து சொன்னாச் சரிங்க” என்பது அந்தச் சந்தில் புழங்குகிற பேச்சு.

நாளை மறுநாள் பயணம். கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து ஜித்தா. பெரிய பெட்டிகளைக் கோவையில் போட்டால் ஜித்தாவில்தான் திரும்பக் கிடைக்கும். இஹ்ராம் கட்டுவது நடுவில், ஷார்ஜாவில். ஆகவே அதற்கு வேண்டியதெல்லாம் கைப்பையில் இருந்தாக வேண்டும். கூட்டிப் போகிற மார்க்கப் பெரியவர் சஹீர் அஜ்ரத் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார். ஃபஹீமா அதைக் கண்ணாடி போட்டு ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.


3

“தண்ணிச் சாமானம், பசைச் சாமானம், க்ரீம் எல்லாம் நூறு மில்லிக்குள்ள. எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் பைல போட்டு, வெளிய தெரியறாப்பல வெக்கோணுமாம்.”

“வெச்சுக்கோ.”

“லிப் பாம் தண்ணியா, கெட்டியாங்க?”

நசுருதீன் டப்பாவை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். “கெட்டி.”

“வெயில்ல வெச்சா?”

“தண்ணி.”

“அப்ப விமானத்துல?”

“அம்மணி, ஏசில வெச்சா நீயும் நானுமே கெட்டிதான். எதுக்கும் பைக்குள்ளயே போடு.”

லிப் பாம் வாங்கிக் கொடுத்தது மகள் யாஸ்மின். கரும்புக்கடையில் இருக்கிறாள். அம்மாவின் உதடு ஃபேன் காற்றுக்கே வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். “வாசமில்லாததுன்னுதாம்மா கேட்டு வாங்குனேன். எதுக்கும் அத்தாகிட்ட ஒருக்கா குடுத்துப் பாத்துக்கோ” என்று அப்பாவைக் குறித்துப் போனில் சொல்லியிருந்தாள். டப்பாவின் அடியில் எறும்பெழுத்தில் ஏதோ அச்சாகியிருந்தது. எந்தக் கண்ணாடிக்கும் அது பிடிபடவில்லை.

அடுத்து எடை. குளியலறைத் தராசை நடு அறைக்குக் கொண்டுவந்தார் நசுருதீன். பையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, வெறும் ஆள் எடையைக் கழிப்பது ஏற்பாடு.

“நீ ஏறு, நான் பாக்கறேன்.”

“நல்லாருக்குதே! என்ற எடை உங்களுக்கெதுக்கு? நீங்களே ஏறுங்க.”

அவரே ஏறினார். பை எட்டே முக்கால் கிலோ. சென்னிமலைப் போர்வை வெளியே போனது. (“விமானத்துல குளுருமாமுங்க.” “குளுருனா என் துண்டைப் போத்திக்கோ.” “அந்தத் துண்டையா? ரெண்டு கடை தள்ளியே மணக்கும் அது.”) முறுக்கு டப்பா வெளியே போனது. மறுபடியும் ஏறினார். ஏழு கிலோ நூறு. ஃபஹீமா பல்துலக்கும் பிரஷ்ஷின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, “இப்பப் பாருங்க” என்றாள்.

எனக்கு இந்த இடத்தை நீட்ட ஆசைதான். ஆனால் கதை எடையில் இல்லை, அடுத்த பேச்சில் இருக்கிறது.

“இந்தாங்க. ஒண்ணொண்ணா மோந்து பாத்துக் குடுங்க. எனக்கு மூணு நாளாச் சளி. பக்கத்துல நெருப்பு வெச்சாலும் தெரியாது.”

சளி இல்லாவிட்டாலும் அவரிடம்தான் கொடுத்திருப்பாள். பால் திரிந்ததா, அரிசி புழுங்கியதா, மழை வருமா என்று அந்த வீட்டில் முப்பத்து நாலு வருஷமாக எல்லாவற்றையும் தீர்மானித்தது அவர் மூக்கு.

சோப்பு வந்தது. நசுருதீன் அதை மூக்கருகே உயர்த்திக் கண்ணை மூடினார். நீளமாக ஒரு மூச்சு. இரண்டு நொடி நிறுத்தினார்.

“இல்லை.”

க்ரீம்.

“இல்லை.”

லிப் பாம்.

“இதுவும் இல்லை.”

ஃபஹீமா மூன்றையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன் வாயை அழுத்தி மூடினாள்.


4

வாசகரிடம் எதையும் ஒளித்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் எடுத்துக்காட்டும் வித்தையில் எனக்கு விருப்பமில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நசுருதீனுக்கு எந்த மணமும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போனது. போகும்போது மூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. காலையில் கடையைத் திறந்து முதல் புட்டியின் மூடியை எடுத்தவர், வெறும் கண்ணாடியை மோந்தது மாதிரி நின்றார். இரண்டாவது புட்டி. மூன்றாவது. பத்தொன்பது புட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, முதல் வாடிக்கையாளர் வரவும் எல்லாவற்றையும் மூடினார்.

பிறகு கடை எப்படி நடந்தது? இதை யோசித்துத்தான் எனக்கு மூன்று நாள் எழுத்து நின்றுபோனது. அப்புறம் பிடிபட்டது: அவர் சொட்டு எண்ணிக் கலந்தார். முப்பது வருஷக் கலவை விரலில் இருந்தது. கலந்ததை வந்தவர் மணிக்கட்டில் தடவிவிட்டு அவர் முகத்தையே பார்ப்பார். புருவம் மேலே போனால் சரி. உதடு ஓரம் இழுத்தால் இன்னும் ஒரு சொட்டுச் சந்தனம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

“மனைவியிடம் சொல்லியிருக்கலாமே?” என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் பாத்திரங்கள் கேட்டால் பதில் சொல்லும் சாதி.

“ஏனுங்க பாய், ஏன் சொல்லலை?”

“மொதல் மாசம், திரும்ப வந்துரும்னு நெனச்சேனுங்க.”

“ரெண்டாம் மாசம்?”

“மொதல் மாசம் ஏன் சொல்லலைன்னு கேப்பாளேன்னு சொல்லலைங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் ரெண்டு வருசம் ஆகிப்போச்சுங்க.”

இந்தப் பதிலை நான் ஜோடிக்கவில்லை. இதுவரை நான் சொல்லாமல் விட்டவை எல்லாமும் இந்த வரிசையில்தான் போயின.

ஆனால் இத்தனை நாளும் கடை பெயர்தான் பணயம். இப்போது அப்படியில்லை. ஃபஹீமா இந்த உம்ராவுக்குப் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். மாமியார் படுக்கையில் இருந்த ஆறு வருஷம், யாஸ்மின் படிப்பு, கல்யாணம், பேறுகாலம், இவள் முழங்கால் ஆபரேஷன், நடுவில் ஊரே மூடிக்கிடந்த காலம். ஒவ்வொரு முறையும் “அடுத்த வருசம் இன்ஷா அல்லாஹ்” என்று தாளை மடித்து பீரோவில் வைத்தாள். அப்படிப் போகிறவளின் உதட்டில், அவர் ‘இல்லை’ என்று சொன்ன ஒன்று ரோஜாவாக இருந்துவிட்டால்?

அந்த நினைப்பு அவருக்கு அன்றைக்கே வந்தது. வராமலிருந்தால் அவரோடு நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.


5

மறுநாள் மதியம் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாரப்பன் கடைக்குப் போனார். மாரப்பன் இரண்டு கடை தள்ளிப் பெட்டி, சூட்கேஸ் விற்கிறவர். சிங்காநல்லூரிலிருந்து தினமும் வந்து போகிறார். கடை திறந்த நாளிலிருந்து சிநேகம்.

“வாங்க பாய், வாங்க. பொறப்பாடெல்லாம் ஆச்சுங்களா?”

“ஆச்சு. ஒரு சின்னப் பூட்டு வேணும்.”

“கைப்பைக்குப் பூட்டெதுக்குங்க? உள்ள அப்படியென்ன வெச்சிருக்கறீங்க?”

“சோப்பு.”

“சோப்புக்குப் பூட்டா! ஊட்ல அம்மணி சொன்னாங்களா?”

“மாரப்பா, அது கெடக்கட்டும். இதைக் கொஞ்சம் மோந்து பாரு.”

மாரப்பன் டப்பாவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். “ஏனுங்க, அத்தர்க்கடை பாய் எங்கிட்ட மோந்து பாக்கச் சொல்றீங்க? ஆடு வெட்டறவரு கத்தி கேட்டு காய்கறிக்கடைக்கு வந்தாப்பல இருக்குது.”

“எங்கடைக்குள்ள எல்லாமே மணக்குது. அதுல இது தனியாத் தெரியலை. உங்கடைல ரெக்ஸின் வாசந்தான். இங்க தெரியும்.”

சமாளிப்பு நன்றாகத்தான் இருந்தது. மாரப்பன் மூக்கைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து ஆழமாக இழுத்தார்.

“சுத்தமா ஒண்ணுமில்லைங்க பாய்.”

“நெசமா?”

“பச்சத் தண்ணி மாதிரி இருக்குது. ஏன், மணக்கோணுங்களா?”

“வேண்டாம், வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.”

நசுருதீனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது மாதிரி இருந்தது. பூட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் மாரப்பன் மேசை டிராயரை இழுத்து, மூக்குப்பொடி மட்டையைப் பிரித்து, ஒரு சிட்டிகைப் பொடியை இடது நாசியிலும் இன்னொன்றை வலது நாசியிலும் ஏற்றிக்கொண்டு சுகமாகத் தும்மினார். இருபத்தாறு வருஷமாக, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

*

பொடி விஷயம் நசுருதீனுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். அந்தக் கர்ச்சீப்பின் நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சந்தில் வேறு மூக்குகளும் இருந்தன. பழக்கடை ஆஸிம் இருந்தான், டீக்கடைக்காரர் இருந்தார். அவர் மாரப்பனிடம்தான் போனார். தனக்கு வேண்டிய பதில் எங்கே கிடைக்கும் என்று மனுஷனுக்குத் தெரிந்துவிடுகிறது. (நானும் என் கதைகளை முதலில் என் தங்கையிடம்தான் காட்டுவேன். அவள் எதையும் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை.)


6

இந்த இடத்தில் கதையின் மூக்குகளைக் கணக்கெடுக்கிறேன். நசுருதீனுக்குக் காய்ச்சலில் போனது. ஃபஹீமாவுக்குச் சளி. மாரப்பனுக்குப் பொடி. மூக்கு இருந்தது எனக்கு மட்டும். எனக்குக் கழுத்து இல்லை.


7

விமான நிலையத்தில் நாற்காலிப் பேச்சு நடந்தது. நான் எழுந்து போனேன். அதை உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இனி வருவது எதுவும் எனக்குத் தெரிந்ததல்ல.

சோதனை இடத்தில் ஃபஹீமாவின் பிளாஸ்டிக் பையை ஒரு பெண் அதிகாரி தூக்கிப் பார்த்தார். நசுருதீன் மனதில் இப்படி ஓடியது: அதிகாரி லிப் பாமை எடுப்பார், திறப்பார், ‘ரோஸ்’ என்பார். அவர் எடுத்தது தேங்காய் எண்ணெய்ப் புட்டியை.

“இது இருநூறு மில்லிம்மா. கொண்டுபோக முடியாது.”

“பாதிதானுங்க இருக்குது. நூறு மில்லிக்கும் கீழதான் வரும்.”

“உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்க மாட்டோம்மா. பாட்டில் சைஸ்தான்.”

“அதெப்படிங்க? பாதிச் சொம்புத் தண்ணியைக் கொண்டுபோனா முழுச் சொம்புன்னா சொல்லுவீங்க?”

அதிகாரி சிரித்துவிட்டார். எண்ணெய் தொட்டிக்குள் போனது. லிப் பாம் பத்திரமாகப் பைக்குள் திரும்பியது. நசுருதீனுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டு சொல்லையும் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே பொருந்தித் தொலைக்கிறது.


8

விமானத்துக்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மூன்று இருக்கை வரிசை. நடக்கிற வழிப்பக்கம் ஃபஹீமா, நடுவில் நசுருதீன். ஜன்னலோரத்தில், நான் அன்றைக்குச் செய்யாததைச் செய்வதற்கென்றே ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். பெயர் சண்முகப்ரியா. சூலூர்க்காரி. ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு முடிந்து திரும்புகிறாள்.

‘இப்படி வாய்ப்பாக ஒருத்தி வந்து உட்காருவாளா?’ என்று ஒரு சந்தேகம் வரும். வரட்டும். நானும்தான் வாய்ப்பாக உட்கார்ந்திருந்தேன், திரும்பத்தான் முடியவில்லை.

விமானம் மேலே ஏறி நிதானித்தது. ஃபஹீமா மறுபடியும் உதட்டில் தடவிக்கொண்டாள். டப்பாவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையைக் கணவர் மடியில் வைத்துவிட்டு, கழிப்பறையைத் தேடி எழுந்து போனாள்.

“அங்கிள், ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளு கண்ணு.”

“ஆன்ட்டி போட்டாங்களே, அந்த லிப் பாம் என்ன பிராண்டுங்க? ரோஸ் வாசம் அப்படியே அள்ளுது. நானும் வாங்கலாம்னு இருக்கறேன்.”

நசுருதீன் அவளைப் பார்த்தார். பின் மடியில் இருந்த பையைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். ‘முப்பது வருஷத்து மணங்களெல்லாம்’ என்று தொடங்கும் அந்தப் பத்தி இப்போது குப்பைத் தொட்டியில் இருக்கிறது. அவர் நினைத்தது ஒன்றுதான்: அவள் வருவதற்குள் இதை எங்கே ஒளிப்பது?

டப்பாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சண்முகப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள். “சரிங்க அங்கிள், சொல்ல வேண்டாம்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.


9

இங்கே கதையை முடிக்கலாம். சுத்தமான முடிவு. டப்பா தொலைந்துபோகிறது, ஷார்ஜாவில் குளிக்கும்போது உதட்டு ரோஜாவும் போய்விடுகிறது, ஃபஹீமாவின் உம்ராவுக்குக் குறையில்லை, நசுருதீனின் மூக்குக்கும் பங்கமில்லை. எல்லோரும் சௌக்கியம்.

அப்படியே முடித்து ஒரு நாள் தூங்கியும் எழுந்தேன். காலையில் ஃபஹீமா திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த டப்பா எங்கீங்க?”

“இங்கதான் இருந்துச்சு. கீழ விழுந்துருச்சோ என்னமோ.”

“நகருங்க, பாக்கறேன்.”

“உடு, உடு. தொலைஞ்சா தொலையுது.”

“என்ற உதடு வெடிச்சா உங்களுக்கென்ன! சரி, இந்த க்ரீமையே உதட்டுக்கும் போட்டுக்கறேன். ஷார்ஜால போட்டுட்டா நாளைக்கு மக்கா வரைக்கும் தாங்கும். ஒருக்கா மோந்து பாத்துருங்க.”

க்ரீம் அவர் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அதற்குப் பின்னால் சோப்பு இருந்தது. சோப்புக்குப் பின்னால் பற்பசை. சட்டைப் பை எத்தனை சாமானை விழுங்கும்?

கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். இரண்டு நொடி நிறுத்தினார். ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தார். (அந்த ‘இல்லை’யை நான் எழுதியும் விட்டேன். பேனா பழக்க தோஷம். அடித்திருக்கிறேன்.)

“எனக்குத் தெரியலை, ஃபஹீமா.”

“நல்லா இழுத்துப் பாருங்க.”

“எவ்வளவு இழுத்தாலும் தெரியாது. ரெண்டு வருசமா எதுவும் தெரியறதில்லை.”

“என்ன சொல்றீங்க?”

“அந்தக் காய்ச்சலோட போயிருச்சு. சோப்பும் தெரியாது, சந்தனமும் தெரியாது.” சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். “இது ரோஜாவாமா. இந்தப் புள்ள சொல்லுச்சு.”

ஃபஹீமா டப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, வாங்க ஆளில்லாமல் அடுத்த வரிசைக்குப் போனாள்.


10

ஃபஹீமா என்ன சொன்னாள்?

நான் முதலில் எழுதியது: “எனக்கு முன்னமே தெரியுமுங்க.” மென்மையாகச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் என்னிடம். “ரெண்டு வருசம் இந்த மனுசனோட ஒரே தட்டத்துல சாப்புட்டேன், எனக்குத் தெரியலை. தெரிஞ்சாப்பல எழுதி என்னைப் பெரிய மனுசி ஆக்காதீங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அதை எழுதுங்க.”

எழுதுகிறேன்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளுக்கு ஷார்ஜா வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இருந்தது. அவருக்குக் குறுக்கே சாய்ந்து, ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

“கண்ணு, உன்ற பேரென்ன?”

“சண்முகப்ரியாங்க ஆன்ட்டி.”

“உனக்கு மூக்கு நல்லாத் தெரியுமா?”

“தெரியுமுங்களே.”

“பொய் சொல்ல மாட்டியே?”

சண்முகப்ரியா நசுருதீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மாட்டேனுங்க” என்றாள்.

“இந்தா. ஒண்ணொண்ணா மோந்து பாத்துச் சொல்லு.”

சோப்பு அவர் மார்புக்குக் குறுக்கே போனது. வாசமில்லை என்று திரும்பி வந்தது. க்ரீம் போனது, வந்தது. பற்பசை போனது. “இது கிராம்பு வாசமுங்க ஆன்ட்டி.” “அப்ப அது வேண்டாம், அஜ்ரத்துகிட்டக் கேட்டுக்கறேன்.” கால்வெடிப்புக் களிம்பு போனது, வந்தது. பெரிய கடை வீதியின் மூக்கு, சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு, தன் கண்ணுக்கு முன்னால் நடக்கிற போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாக லிப் பாம்.

“இதை நீயே வெச்சுக்கோ கண்ணு. உனக்குப் புடிச்சிருக்குதல்ல?”

“ஐயோ, வேண்டாங்க ஆன்ட்டி.”

“வெச்சுக்கோ. ஒரு வாய் போட்டதுதான், தொடச்சுக்கோ.”

பையின் வாயை அழுத்தி மூடினாள். பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்கிய தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து உதட்டைத் தேய்த்துத் துடைத்தாள். சிவந்துபோகும்வரை துடைத்தாள். பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

“போன ரமலானுக்கு எனக்குன்னு ஒண்ணு கலந்து குடுத்தீங்களே?”

“சொட்டு எண்ணிக் கலந்தது.”

“அது கொத்தமல்லியாட்ட இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லலை. யாஸ்மின் கொழந்தையைத் தூக்கி, தலையை மோந்துட்டு, பால் மணக்குதுன்னு கண்ணுல தண்ணி உட்டீங்களே?”

“அது...”

“சொல்லுங்க.”

“யாஸ்மின் தலை அப்படித்தான் மணந்துச்சு. அந்த நெனப்புல சொன்னேன்.”

ஃபஹீமா ஈரக் கைக்குட்டையை நாலாக மடித்தாள். இங்கே அவள் மனது இளகியது என்று எழுதலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “பொறுங்க, நான் இன்னும் முடிக்கலை” என்றாள்.

“சரி, இதைச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு படியேறும்போதே, ‘தெருமொனைலயே உன் தாளிச்சாக் கொழம்பு வாசம் புடிச்சுட்டேன்’னு வருவீங்களே. ரெண்டு வருசமா வாராவாரம். அது?”

நசுருதீன் வாயைத் திறந்தார்.

நான் மூன்று பதில் எழுதினேன்.

(அ) “வெள்ளிக்கிழமைன்னா தாளிச்சாதானே, அந்தக் கணக்குல சொன்னேன்.” இது உண்மை. இதைச் சொல்லிவிட்டு மக்காவில் ஒரே அறையில் பதினாலு நாள் இருக்க வேண்டியவர் அவர். எனக்கு எழுதக் கை வரவில்லை.

(ஆ) “எல்லாம் போச்சு, உன் தாளிச்சா வாசம் மட்டும் போகலை.” அழகாக இருக்கிறது. விமானம் இறங்கும்வரை தாங்கும். அதற்குப் பிறகு அது இன்னொரு ‘இல்லை’.

(இ) அவர் ஒன்றும் சொல்லாமல்

இதை முடிக்கவில்லை. ஃபஹீமா விடுகிற ஆள் இல்லை.

மூன்று வாரமாக இந்த இடத்தில் நிற்கிறேன். என் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க இப்போது ஆளில்லை. ஆகவே எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. உங்களுக்கு அப்படியிருக்காது. இன்றைக்கோ நேற்றைக்கோ ஒரு தட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பாதி கவனத்தில், யாரிடமோ “ரொம்ப நல்லாருக்கு” என்று சொல்லியிருப்பீர்கள். அந்த வாயாலேயே நசுருதீனுக்காக இந்தப் பதிலையும் சொல்லிவிடுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிந்துவிட்டது. சண்முகப்ரியா காது கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃபஹீமா, துடைத்த உதட்டோடு, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“சொல்லுங்க. நான் கேட்டுட்டுத்தானே இருக்கறேன்?”